மகள் வர விரும்பவில்லை

சேசு மரி சூசை

காரைக்கால்
12.8.2024

அன்புத் தம்பி சார்லுக்கு,

முதலில் ஒரு திருத்தம். தெல்ஃபினுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, புருஷன் தமியேன் போன துக்கத்தில் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளைகளோடு திரிகிறாள் என்று உன் வீட்டில் பேசிக்கொள்கிறீர்களாம். உன் மனைவி இவோன் தன் சித்தி மகளிடம் சொல்லியிருக்கிறாள். அவள் மாதாகோயில் வாசலில் வைத்து என்னிடமே சொல்லிவிட்டாள். என் புத்தி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பை தமியேனுடைய தோல் பை. என்னோடு படிப்பவர்களில் மிகச் சின்னவளுக்கு இருபத்து நான்கு வயது, இடுப்பில் ஒரு குழந்தை.

நடந்தது இதுதான். திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சேர்ந்திருக்கிறேன். சனி ஞாயிறு வகுப்பு, ஏப்ரலில் தேர்வு. ஐந்து பாடம் போதும் என்றார்கள். நான் ஆறு எடுத்தேன்: தமிழ், வரலாறு, புவியியல், பொருளாதாரம், உயிரியல், கணிதம். எழுபத்து மூன்று வயதில் எதற்கு என்று நீ கேட்பாய். ஒரு பட்டப் படிப்பில் சேர எனக்கு ஆசை. அதற்குப் பன்னிரண்டு வேண்டும். என்னிடம் இருப்பது பிரெவே மட்டும்.

சிக்கல் அங்கேதான். மையத்தின் பொறுப்பாளர் மதியழகன் நல்ல மனிதர், ஆனால் நம் கதை தெரியாதவர்.

"அம்மா, பத்தாவது சர்ட்டிபிகேட் இருக்குங்களா?"

"பிரெவே இருக்கு."

"அதென்னங்க, ஏதும் நகையா?"

பிரெஞ்சுப் படிப்பில் பத்தாம் வகுப்புக்குச் சமம் என்று விளக்கினேன். மேலிடத்தில் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் அக்டோபர் 31-க்குள் அசல் சான்றிதழைக் கண்ணில் காட்ட வேண்டுமாம். இல்லையென்றால் என் சேர்க்கை ரத்து.

அது அப்பாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. 1991-இல் அப்பா இறந்தபோது குடியுரிமைக் காகிதங்களுக்காக நீ அந்தப் பெட்டியை அப்படியே துலூஸுக்குக் கொண்டுபோனாய். தேடி எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பு. புதுச்சேரியில் மேலே படிக்க இடம் கிடைத்தும் அம்மாவின் உடம்புக்காக வேண்டாம் என்றவள் நான். இப்போது ஒரு காகிதத்துக்காக என் படிப்பு நிற்கக் கூடாது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். பதிலை எழுதி அனுப்பு. தொலைபேசியில் நீ பாதி சொல்வாய், பாதி சிரிப்பாய்.

அன்பு அக்கா
தெல்ஃபின்

*

துலூஸ்
2.9.2024

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

சார்ல் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு மாதாவை வேண்டுகிறோம்.

உங்கள் கடிதத்தை இவோனிடம் படித்துக் காட்டினேன். "ஐயோ, நான் அப்படிச் சொல்லலீங்க, அண்ணி தனியா இருக்காங்களே, என்னமோ படிக்கிறாங்களாம்னுதான் சொன்னேன்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளைத் தேர்வு முடியும்வரை மன்னித்து வையுங்கள்.

ஆறு பாடமா அக்கா! பாட்ரிக்கிடம் சொன்னேன். என் மகனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு, "அத்தை பாஸ் பண்ணிடுவாங்கப்பா, பேப்பர் திருத்துறவங்கதான் பாவம்" என்றான்.

பெட்டி கீழ்த்தளத்து அறையில் கிடக்கிறது. மேலே பழைய சைக்கிள், குளிர்காலச் சாமான்கள். இந்த முழங்காலோடு இறங்க வேண்டும். பார்க்கிறேன்.

தம்பி
சார்ல்

*

சேசு மரி சூசை

காரைக்கால்
20.9.2024

பிரியமுள்ள சார்லுக்கு,

உன் கடிதம் பதினான்கு நாளில் வந்தது. தபால் ஆபீசில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் அல்லவா, வழியெல்லாம் ஆள் வைத்திருக்கிறாய்.

நான் நலம். வலது கண்ணில் கொஞ்சம் மங்கல், அதற்குச் சொட்டு மருந்து போடுகிறேன். காலை முதல் பூசை முடிந்ததும் படிக்க உட்கார்ந்துவிடுகிறேன்.

பொருளாதாரப் புத்தகம் சொல்கிறது: ஒரு பண்டத்தை மேலும் மேலும் உண்ண உண்ண, அதனால் கிடைக்கும் திருப்தி குறைந்துகொண்டே வருமாம். எட்டாவது ஆப்பத்திலும் தமியேனுக்கு முதல் ஆப்பத்தின் முகம்தான் இருந்தது. ஆசிரியரிடம் கேட்டேன். "அம்மா, இதெல்லாம் பரீட்சையில எழுதிடாதீங்க" என்றார்.

உயிரியலுக்காகக் காரைக்கால்மேட்டுக்குப் போய் ஒரு கொடுவாவின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வரிசை என்று எண்ண வேண்டியிருந்தது. மீன்காரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் ஆயா, மீனை வாங்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்றாள். நாலு வரிசை. புத்தகம் சரி. மீனையும் வாங்கிவிட்டேன். ஆனால் என்னை ஆயா என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குழந்தைக்காரி என்றேனே, அவள் பெயர் சுஹைனா. பதினொன்றாம் வகுப்பில் நிறுத்திக் கல்யாணம் செய்துவிட்டார்கள். கணிதத்தில் கெட்டிக்காரி. எங்கள் கான்வென்ட்டில் கணக்கு நேரத்தைச் சுருக்கிப் பூத்தையல் கற்றுக்கொடுத்தார்கள், அதனால் சைன், காஸ் எல்லாம் எனக்குப் புதுச் சொந்தக்காரர்கள். சுஹைனா சொல்லித்தருகிறாள். "யம்மா, அஞ்சு போதும்னாங்கள்ல, இந்தக் கணக்கை விட்டுத் தொலைங்களேன்" என்கிறாள். விடுவதாக இல்லை.

சான்றிதழ் இன்னும் வரவில்லை. சைக்கிளை நகர்த்த ஒரு பேரனைக் கூப்பிடு.

அன்புடன்
அக்கா தெல்ஃபின்

*

துலூஸ்
11.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இங்கே குளிர் முன்னதாகவே வந்துவிட்டது. கொல்லையில் இருந்த அத்திமரத்தை வெட்டிவிட்டோம். பாட்ரிக்கின் கடைசிப் பெண்ணுக்குப் பல் விழுந்திருக்கிறது. இவோன் உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை பின்னுகிறாள். காரைக்காலில் அதற்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

பெட்டியின் பூட்டு துருப்பிடித்திருக்கிறது. சாவியும் இல்லை. அந்தச் சான்றிதழுக்கு நகல் எதுவும் புதுச்சேரியில் கேட்டு வாங்க முடியாதா அக்கா? அங்கே பதிவேடு இருக்குமே.

சார்ல்

*

சேசு மரி சூசை

காரைக்கால்
25.10.2024

சார்லுக்கு,

நலமாக இருக்கிறேன்.

தகரப் பெட்டியின் பூட்டைத் திறக்க ஒரு சுத்தியல் போதும். பிரான்சில் சுத்தியல் கிடைக்கும் என்று நினைக்கிறேன். உன் கடிதத்தில் அத்திமரத்துக்கு ஒரு வரி, பல்லுக்கு ஒரு வரி, சால்வைக்கு இரண்டு வரி. என் காகிதம் கடைசியில் வந்து நிற்கிறது. உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் நான். நீ எதையாவது உடைத்துவிட்டால் முதலில் வானிலையைப் பற்றித்தான் பேசுவாய்.

தொலைத்துவிட்டாயா? ஈரத்தில் நைந்துபோய்விட்டதா? அப்படியானால் அதை எழுது. கோபித்துக்கொள்வேன், பிறகு வேறு வழி பார்ப்பேன். நகலுக்கு எழுதிப்போட்டால் ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள்.

நேற்று மதியழகனிடம் போனேன். நாலு பேர் முன்னால் கை நீட்டிக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. கேட்டேன்.

"நவம்பர் முப்பது வரைக்கும்தாங்க என்னால இழுக்க முடியும். அதுக்கு மேல பேரை எடுத்துடுவாங்க. அடுத்த வருஷம் சேர்ந்துக்குங்களேம்மா, என்னங்க அவசரம்?"

"எனக்கு எழுபத்து மூணு வயசுங்க" என்றேன்.

சுஹைனா பெயரும் என் பெயரும் வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவள் பெயருக்கு எதிரே மசியில் குறிக்கிறார்கள். எனக்குப் பென்சிலில். அழிக்க வசதியாக. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

உடனே பதில் எழுது.

தெல்ஃபின்

*

துலூஸ்
9.11.2024

அன்பும் வணக்கமும் உள்ள அக்காவுக்கு,

இவோனும் பிள்ளைகளும் நலம். நான் நலமில்லை, ஆனால் அது உடம்பைப் பற்றியது அல்ல.

உங்கள் பிரெவே இதோடு இருக்கிறது. ஒரு மடிப்புக்கூடக் கெடவில்லை. இந்த உறை எப்படியும் முப்பதுக்கு முன்னால் வந்துசேரும், விரைவுத் தபாலில் போடுகிறேன்.

பூட்டு துருப்பிடித்தது என்று எழுதியது பொய். அந்தப் பெட்டியை நான் 1991-லேயே திறந்துவிட்டேன். உங்கள் சான்றிதழோடு ஊசி குத்தி இன்னும் இரண்டு காகிதங்கள் இருந்தன. பிரெவேயை மட்டும் தனியாக எடுத்து அனுப்பிவிடலாம் என்று ஆகஸ்டிலிருந்து பார்க்கிறேன். எடுக்கும்போதெல்லாம் மற்ற இரண்டும் கையோடு வருகின்றன. அவற்றையும் அனுப்புகிறேன்.

ஒன்று, புதுச்சேரிப் பள்ளியிலிருந்து 1967 ஜூலையில் அப்பாவுக்கு வந்த கடிதம். நம் இருவருக்கும் இடம். எனக்கு ஆறாம் வகுப்பு. உங்களுக்கு மேல்வகுப்பு, தேர்வில் மூன்றாவது இடம், விடுதியும் உண்டு.

மற்றது, அப்பா எழுதிய பதிலின் நகல். நகராட்சியில் எழுத்தர் அல்லவா, எதற்கும் நகல் வைப்பார். மகன் வருவான், மகள் வர விரும்பவில்லை என்று எழுதியிருக்கிறார்.

அக்கா, அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், "அக்காவுக்கு இடம் கிடைக்கலடா, அவ முன்னாடி பள்ளிக்கூடப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். நான் எடுக்கவில்லை. நீங்கள் எல்லாரிடமும் இடம் கிடைத்தும் வேண்டாம் என்றேன் என்று சொன்னபோது, அது பொய் என்று நினைத்தேன். பாவம் அக்கா, சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இடம் நிஜமாகவே கிடைத்திருந்தது, மறுத்தது அப்பா என்று பெட்டியைத் திறந்த அன்றுதான் தெரிந்தது. நீங்கள் உட்கார வேண்டிய இடத்தின் செலவில் நான் உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

முப்பத்து மூன்று வருடம் சொல்லவில்லை. தபால்காரன் ஒரு கடிதத்தை அவ்வளவு நாள் வைத்திருந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள்.

மன்னியுங்கள் என்று எழுதத் தகுதி இல்லை.

சார்ல்

*

துலூஸ்
6.1.2025

அன்புள்ள அக்கா,

புது வருட வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு உங்கள் கடிதம் வரவில்லை. நீங்கள் எழுதாத முதல் கிறிஸ்துமஸ் இது.

உறை கையெழுத்துப் போட்டு வாங்கப்பட்டது என்று தபால் துறை சொல்கிறது. நான்கு முறை தொலைபேசியில் அழைத்தேன். கடைசி முறை ஒரு பெண் எடுத்தாள். "அம்மா படிச்சிட்டு இருக்காங்க. யாரு கூப்பிட்டாலும் படிக்கிறாங்கன்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். சுஹைனாவாக இருக்கும். "என் பேரச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். உள்ளே போய்விட்டு வந்து, "சொன்னேன். இன்னும் படிக்கிறாங்க" என்றாள்.

சேர்க்கை உறுதியானதா, இல்லையா? அதை மட்டும் ஒரு அட்டையில் எழுதினால் போதும்.

சார்ல்

*

சேசு மரி சூசை

காரைக்கால்
22.1.2025

சார்லுக்கு,

நவம்பர் 28 அன்று அசல் சான்றிதழைக் காட்டினேன். மதியழகன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். இப்போது என் பெயருக்கு எதிரே மசியில் குறிக்கிறார்கள்.

மற்ற இரண்டு காகிதங்களையும் படித்தேன். அவற்றைப் பற்றித் தேர்வு முடிந்த பிறகு எழுதுகிறேன். இப்போது தலைக்குள் ஆறு பாடம் இருக்கிறது, ஏழாவதற்கு இடமில்லை.

உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவச் சொல் இவோனிடம்.

தெல்ஃபின்

*

துலூஸ்
18.2.2025

அக்கா,

எண்ணெய் தடவுகிறேன். வலிக்குக் கேட்கிறது. இதோடு ஆறு பேனா அனுப்புகிறேன், பாடத்துக்கு ஒன்று. நீல மசி. நன்றாக எழுதுங்கள். தேர்வு நடக்கும் நாட்களில் இங்கே இவோன் தினமும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறாள்.

வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

சார்ல்

*

சேசு மரி சூசை

காரைக்கால்
19.6.2025

என் அன்புத் தம்பி சார்லுக்கு,

நீயும் இவோனும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம். சால்வை வந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மணி நேரம் போர்த்திக்கொண்டேன் என்று இவோனிடம் சொல்.

முடிவுகள் வந்துவிட்டன. தமிழ் 88, வரலாறு 81, புவியியல் 77, உயிரியல் 70, பொருளாதாரம் 63. கணிதம் 29. தேற 33 வேண்டும். ஐந்தில் தேறியதால் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கிடைத்துவிடும். கணிதத்தில் நான் தோல்வி. சுஹைனாவுக்கு அதில் 91.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும், கேட்டவர்களிடம் எல்லாம் கணிதத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன். இவோனின் சித்தி மகள் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "அதான் அஞ்சுல பாஸாயிட்டீங்களே பெரியம்மா, அதை எதுக்கு வாய்விட்டுச் சொல்றீங்க?" என்றாள். "தோத்தது நான்தானே, நான்தான் சொல்லணும்" என்றேன். வாயைப் பிளந்தாள். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இனி அந்தக் காகிதங்கள்.

1967 ஜூலையில் ஒரு சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "லிஸ்டுல உன் பேரு இல்லம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோல்வியைப் பார்க்க அவருக்கு மனமில்லை என்று நினைத்தேன். மறுநாள் கான்வென்ட்டில் எங்கள் கன்னியாஸ்திரி மேர் செசில் கேட்டபோது, இடம் கிடைத்தது, அம்மாவுக்காக நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். பதினாறு வயதில், வகுப்பில் முதலாவதாக வந்தவள், தேறவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்ன பிறகு திரும்பப் பெற முடியவில்லை. தமியேனிடமும் அதையே சொன்னேன். "எம் பொண்டாட்டி இடம் கெடச்சும் வேணாம்னவ" என்று அவர் வந்தவர் போனவரிடம் எல்லாம் பெருமை அடித்தபோது, நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார். கடைசிவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்த உண்மையும் உண்மை இல்லை என்று இப்போது தெரிகிறது.

அப்பா அன்று அந்தக் கடிதத்தில் என்ன எழுதினாரோ, அதைத்தான் நான் ஐம்பத்தேழு வருடம் ஊருக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். மகள் வர விரும்பவில்லை. அவருடைய எழுத்து எவ்வளவு அழகு என்று பார்த்தாயா? ஒரு அடித்தல்கூட இல்லை.

அப்பா மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அவருக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடிந்திருக்கும். ஆணை அனுப்பினார். அந்தக் காலத்தில் இந்தத் தெருவில் எல்லா அப்பாக்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். செய்ததை என்னிடம் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் ஒரு வாரம்.

உன் மேல் ஜூன் வரை கோபமாக இருந்தேன். இடத்துக்காக அல்ல. நீ பன்னிரண்டு வயதுப் பிள்ளை, உனக்குக் கொடுத்ததை வாங்கிக்கொண்டாய். முப்பத்து மூன்று வருடத்துக்காக. தமியேன் உயிரோடு இருந்தபோது நீ அனுப்பியிருந்தால், அவருடைய பெருமை நிஜம்தான் என்று ஒருநாளாவது நான் அடுப்படிக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பேன். இதை எழுதாமல் விட்டால் கடிதம் முழுமை ஆகாது. எழுதிவிட்டேன். இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன். நீயும் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. உனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதத் தெரியவில்லை, அதிலும் தபாலைக் கொண்டுவந்துவிடுகிறாய்.

மூன்றாவது இடம் என்று இருக்கிறது. முதல் இரண்டு பேர் யாரோ. கணக்கில்தான் விட்டிருப்பேன்.

பட்டப் படிப்புக்கு ஜூலையில் விண்ணப்பிக்கிறேன், வரலாறு. கணிதத்தை அக்டோபரில் மறுபடி எழுதுகிறேன். சுஹைனா வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். "யம்மா, நாலே மார்க்கு, அதுக்குப் போயி அழுவாங்களா" என்கிறாள். நான் அழவில்லை, சொட்டு மருந்து.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உன் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் என் அருகில் வருவாய். திமிர் என்று நினைத்திருந்தேன். அப்பா சொல்லித்தான் செய்தாய் என்று இப்போது தெரிகிறது. அந்தப் பள்ளியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

அங்கே உனக்கு என்னென்ன சொல்லிக்கொடுத்தார்கள்? மேல்வகுப்பில் என்னென்ன பாடங்கள் இருந்தன? யார் நடத்தினார்கள், கோபக்காரரா, நல்லவரா? பெண்கள் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள்? ஒரு பாடத்துக்கு ஒரு கடிதமாக எழுது. மறந்துபோனதை மறந்துபோனது என்று எழுது. இட்டுக்கட்டாதே. முதல் கடிதம் கணிதத்தைப் பற்றி இருக்கட்டும்.

தொலைபேசியில் சொல்லாதே. கையால் எழுதி அனுப்பு.

உன் அக்கா
தெல்ஃபின்